பிறந்த மண்ணிலேயே அந்நியர் ஆனவர்கள்!

பட்டுக்கும் கோவிலுக்கும் பேர்போன காஞ்சீபுரத்துக்குப் பல்லவர் காலத்தில் ஒரு சீனர் வந்தார். அவர்தான் யுவான் சுவாங். ஆண்டு சுமார் 640. ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார்.

அவரிடம் பாஸ்போர்ட் இருந்ததா? இல்லை. சீனாவை விட்டு வெளியே போக அப்போது தடை. அதை மீறி, இரவோடு இரவாக எல்லையைத் தாண்டியவர் அவர். வழியில், துர்பான் பக்கத்து அரசர் ஒருவர் உதவினார். 24 நாட்டு மன்னர்களுக்கு 24 கடிதங்கள் கொடுத்தார். ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு பட்டுத் துணி. அந்தப் பட்டுதான் அவருக்கு அனுமதிச் சீட்டு!

பின்னாளில் இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த சீன வம்சத்தாருக்கோ, ஒரு காகிதத்தால் வாழ்க்கையே குலைந்தது.

எந்த நாட்டுப் பிரஜை?

வெள்ளையர் ஆட்சியில் சீனர்கள் கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்தார்கள். தச்சு வேலை, தோல் பதனிடுதல், செருப்புத் தைத்தல் என்று தொழில் செய்தார்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கும் போனார்கள். சென்னையில் பல் கட்டும் சீன வைத்தியர்களைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள்.

பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மண்ணில் பிறந்தவர் பிரிட்டிஷ் பிரஜை. கல்கத்தாவில் பிறந்தாலும் சரி, ஹாங்காங்கில் பிறந்தாலும் சரி. ஆனால் சீன அரசு 1909-ல் போட்ட சட்டம் வேறு சொன்னது. தகப்பன் சீனன் என்றால், பிள்ளை எங்கே பிறந்தாலும் சீனப் பிரஜைதான். ஒரே பிள்ளைக்கு இரண்டு வீட்டார் உரிமை கொண்டாடியது போல!

1949-ல் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி ஏற்பட்டது. அந்த ஆண்டுக் கடைசியிலேயே இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. பழைய சீன அரசின் பாஸ்போர்ட்டை வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம் ஆயிற்று. அது செல்லாக்காசு. பலர் எந்த நாட்டையும் சேராதவர் ஆனார்கள்.

பாட்டனுக்காகப் பேரன்

1962 அக்டோபர் 20-ல் சீன யுத்தம் மூண்டது. அந்த ஆண்டே புதுச் சட்டம் வந்தது. ஒருவரோ, அவருடைய தாய் தகப்பனோ, பாட்டன் பாட்டியோ எப்போதாவது எதிரி நாட்டின் பிரஜையாக இருந்திருந்தால், அவரை அந்நியராக நடத்தலாம். அவர் இந்தியப் பிரஜையாக இருந்தாலும் தப்ப முடியாது!

ஏறக்குறைய 3,000 பேர் பிடிக்கப்பட்டார்கள். அஸ்ஸாமில் மாக்கும் போன்ற ஊர்களிலிருந்து, ரெயிலில் ராஜஸ்தானிலுள்ள தேவ்லி முகாமுக்குப் போனார்கள். கைக்குழந்தைகளும் கிழவர்களும் இருந்தார்கள். யுத்த காலத்தில் எச்சரிக்கை வேண்டும்தான். கைக்குழந்தையுமா உளவு பார்க்கும்?

வெளியே இருந்த சீனப் பிரஜைகளுக்கும் கட்டுப்பாடு. சென்னையில் பதிவான ஒருவர் காஞ்சீபுரத்தில் இரண்டு நாள் தங்கிக் கோவில் பார்க்க நினைத்தால், முதலில் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். யுவான் சுவாங் வந்த அதே ஊருக்கு!

1963-ல் சீனா அனுப்பிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. ஏறக்குறைய 2,400 பேர் அவற்றில் ஏறினார்கள். சீனாவைக் கண்ணாலும் காணாதவர்கள் அவர்களில் பலர்.

தமிழருக்கு இது புரியாத கதை அல்ல. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுச் சட்டம், தகப்பனார் அங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளி அதற்கு எங்கே போவான்? லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள்.

தேவ்லியில் கடைசியாக இருந்தவர்கள் 1967-ல் வெளியே வந்தார்கள். திரும்பி வந்தால், பலருடைய வீடும் கடையும் ஏலம் போயிருந்தன. மனம் வெறுத்துக் கனடாவுக்குக் குடிபோனவர்கள் உண்டு. முகாமில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நடந்ததற்கு இந்திய அரசு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள்.