எல்லைக் கல்லும் ஏரித் தண்ணீரும்

நமது ஸ்தல ஸ்தாபனங்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும் என்று பேசாத மந்திரி இல்லை. தீர்மானம் போடாத மகாநாடு இல்லை. கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால், பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஏன் ஒத்துழைப்பதில்லை, ஒத்துழைத்தால் லாபம் யாருக்கு, கஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதை மாத்திரம் வாய்விட்டுச் சொல்லுவாரைக் காணோம். ஆதலால் நாமாவது சிறிது சொல்ல வேண்டியதாயிருக்கிறது.

சென்னைக்குத் தெற்கே ஓடும் ஒரு நீர்ப்போக்கை எடுத்துக்கொள்ளுவோம். சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். தண்ணீருக்கு இது ஒரே வழி. ஆனால் 2015-ம் வருஷத்துப் பெருமழையின்போது சிட்லபாக்கம் ஒரு டவுன் பஞ்சாயத்து. செம்பாக்கம் ஒரு முனிசிபாலிட்டி. நன்மங்கலம் ஒரு கிராமப் பஞ்சாயத்து. கீழ்க்கட்டளை பல்லாவரம் முனிசிபாலிட்டியைச் சேர்ந்தது. பள்ளிக்கரணையோ சென்னைக் கார்ப்பொரேஷனுக்குள் போய்விட்டது. ஒரு தண்ணீருக்கு ஐந்து எஜமானர்கள்!

மேலூரார் பணம் செலவு செய்து கால்வாயைத் தூர் வாரினால் வெள்ளம் அவர்கள் தெருவை விட்டுச் சீக்கிரம் வடியும். அடுத்த ஊரில் கால்வாய் குறுகலாயிருந்தால் அதே வெள்ளம் அங்கே வீட்டுக்குள் புகும். மேலூரார் சாக்கடையை ஏரியில் விட்டால் நாற்றமும் கொசுவும் கீழூராருக்கு. கீழூரானுக்கோ மேலூரில் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாதவன் கஷ்டத்தை எந்தக் கவுன்சிலர் கவனிப்பார்? இதெல்லாம் கவுன்சிலர்களின் கெட்ட எண்ணத்தால் மாத்திரம் வருகிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு சேர்மன் உண்மையிலேயே நல்ல எண்ணத்தோடு அடுத்த ஊர்க் கால்வாய்க்குப் பணம் கொடுத்தாலும், “நம் வரிப்பணத்தை எவனூரிலோ கொட்டினாயே” என்று சொந்த வார்டுக்காரர்களே அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். பிறகு மழை வந்து வீடு மூழ்கினால் வருண பகவானின் கோபம் என்று சொல்லி எல்லோரும் தப்பித்துக்கொள்ளலாம். பகவானுக்கு எந்த ஊரிலும் ஓட்டில்லையல்லவா!

குப்பை விஷயம் இதைவிட மோசம். 2011-க்கு முன்பு பெருங்குடி சென்னைக்கு வெளியே இருந்த தனி டவுன் பஞ்சாயத்து. ஆனாலும் பட்டணத்துக் குப்பை பல வருஷங்களாக அங்கேதான், அந்தச் சதுப்பு நிலத்திலேதான் மலைபோல் கொட்டப்பட்டு வந்தது. பெரியவன் கொட்டுவதும் சின்னவன் முகர்வதும் ஒத்துழைப்பு ஆகுமா என்று கேட்கிறோம்.

இதற்குச் சர்க்கார் கண்டுபிடித்த வைத்தியம் ஊர்களை ஒன்றாய்ச் சேர்த்துவிடுவது. 2011-ல் 9 முனிசிபாலிட்டிகள், 8 டவுன் பஞ்சாயத்துகள், 25 கிராமப் பஞ்சாயத்துகள், ஆக 42 ஸ்தாபனங்களைச் சென்னை விழுங்கிற்று. 2021 நவம்பரில் 5 முனிசிபாலிட்டிகளையும் 5 டவுன் பஞ்சாயத்துகளையும் சேர்த்துத் தாம்பரம் கார்ப்பொரேஷன் ஏற்படுத்தப்பட்டது. சிட்லபாக்கமும் செம்பாக்கமும் பல்லாவரமும் ஒன்றாயின. நடுவிலிருந்த நன்மங்கலம் வெளியே நின்றது. அதாவது கால்வாயின் நடுவில் எல்லைக் கல் அப்படியே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பத்து ஊர்களிலும் 2016 அக்டோபர் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலே இல்லை. நகரத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. சம்மதம் சொல்ல வாயே இல்லாதபோது கல்யாணம் முடிந்துவிட்டது! கிராமத்தார் இணைப்பென்றால் ஏன் பயப்படுகிறார்கள் என்பதும் இதிலேயே விளங்கும். வரி ஏறும், கிராமத்துக்கென்று உள்ள கூலி வேலைத் திட்டம் போகும், சொந்தப் பிரசிடெண்டும் போவார்.

நிற்க, சட்டத்தில் இதற்கு வழி இல்லாமலில்லை. 1993-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, 10 லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட பெருநகரப் பகுதிக்கு ஒரு திட்டக் கமிட்டி வேண்டும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் முனிசிபல் மெம்பர்களாலும் பஞ்சாயத்துத் தலைவர்களாலும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளுவது முதலிய பொது விஷயங்களைக் கவனித்துத் திட்டம் போடுவது அதன் வேலை என்றே எழுதியிருக்கிறது. ஆனால் சென்னைப் பகுதியில் திட்டத்தின் கடிவாளம் மந்திரி தலைமையிலுள்ள சி.எம்.டி.ஏ.யின் கையிலேயே இருந்து வந்திருக்கிறது.

கூட்டுக் கமிட்டி என்று ஒன்று வைத்துவிட்டால் எல்லாம் சரியாய்விடும் என்று நாம் ஏமாறவுமில்லை. ஒருவன் பங்குப் பணம் கட்டாவிட்டால் எல்லோருடைய வேலையும் நின்றுபோகும். குறை சொல்லப் போனவனை இந்த ஆபீஸ் அந்த ஆபீசுக்கு விரட்டும். பெரிய ஊர்ச் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கிராமத்துப் பிரசிடெண்டு வாசலில் நிற்கவும் கூடும். ஆகையால் எந்த ஊர் எவ்வளவு தூரம் வெட்டுவது, யார் எவ்வளவு பணம் தருவது, தராவிட்டால் என்ன செய்வது, தகராறை யார் தீர்ப்பது என்பவை முன்னமே எழுத்தில் இருக்க வேண்டும். நன்மங்கலத்துக்கும் சென்னைக்கும் அந்த மேஜையில் ஒவ்வொரு ஓட்டே இருக்க வேண்டும். கணக்கு இரண்டு ஊர் ஜனங்களுக்கும் தெரியும்படி வருஷந்தோறும் அச்சாகி வெளிவர வேண்டும்.

இனி ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நமது தெருவில் என்ன செய்வாய் என்று கேட்பதோடு, கீழூர்க் கால்வாய்க்கு என்ன செய்வாய் என்றும் வாசகர்கள் கேட்டுப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.