பலகை இல்லாத பந்தி

ஹாங்காங்கில் நாதன் சாலையில் நிற்கும் சுங்கிங் மாளிகை 1961-இல் எழுந்தது, 17 மாடி. கீழே நாணயமாற்றுக் கடைகளின் இரைச்சல். மேலே குடியிருப்புகளுக்கிடையே, பெயர்ப்பலகையின்றி நம்மவர் வீட்டிலேயே நடத்தும் 'மெஸ்'கள். பஞ்சாபி நண்பரும் வங்க நண்பரும் நானும் மின்தூக்கிக்கு நெடுநேரம் காத்து நின்று, அத்தகைய வீடொன்றில் உண்டோம். மூன்றே மேசை. அடுத்த அறையில் குழந்தை பாடம் படித்துக்கொண்டிருந்தது. பாபிஜி அன்று சமைத்தது பருப்பும் ரொட்டியும் சுட்ட கத்தரிக்காய் மசியலும், அதுதான் உணவு. (ரசம் கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன்.)

படம் பிடித்து உலகுக்கெல்லாம் அறிவிக்க வேண்டும் என்றார் வங்க நண்பர். கூடாது என்பது என் கட்சி. விளம்பரம் கடைக்கு நன்மை. மூன்று மேசை வீட்டுக்கு அது வினை. முப்பது பேர் வாசலில் நின்றால் அண்டை வீட்டார் முறையிடுவர். உரிமம் எங்கே என்று அதிகாரி வருவார். பிழைப்பை இழப்பவர் நாமல்லவே!

சட்டம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும், 1988-இல் அங்கே தீவிபத்தில் ஓர் உயிர் போயிற்று. அடுப்பையும் வழியையும் அரசு சோதிக்கட்டும். ஆனால் உண்ட வீட்டைக் காட்டிக்கொடுக்கும் வேலை உண்டவனுக்கு வேண்டாம். பசித்த மாணவன் கேட்டால் காதோடு சொல்லுங்கள், நண்பர்களே. எத்தனையாவது மாடி என்பதை நானும் இங்கே எழுதப் போவதில்லை.