ஆக்‌ஷன் சொல்வதற்கு முன்னால்

கண்டியில் குறும்படம் எடுக்க இறங்கும் நம்மில் பலர் முதலில் தேடுவது நல்ல கெமரா. அடுத்தது ட்ரோன். நடிக்கப் போகிறவரோடு உட்கார்ந்து பேச மட்டும் யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

ஒருமுறை தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவை நடிக்கக் கூப்பிட்டோம். நாங்கள் எழுதிய புத்தகத் தமிழ் வசனத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணிச் சொல்லுங்கம்மா" என்றோம். பதினொரு டேக் போனது. அவர் முகம் சுருங்கிப் போனதுதான் மிச்சம். தேத்தண்ணி குடிக்கும்போது அதே விஷயத்தை, தன் பேச்சில், பக்கத்தில் இருந்தவரிடம் அழகாகச் சொன்னார். அப்போது கெமரா ஓடவில்லை.

1983இல் இதே கண்டிப் பக்கம் 'இந்தியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தை எடுக்க ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் வந்திருந்தார். திரைக்கதையை மாற்றச் சொல்லி இந்திய அரசு கேட்டதால் படப்பிடிப்பு இலங்கைக்கு வந்தது. ஹந்தானையில் எடுத்த கிராமக் காட்சிகளில் ஊர்ப் பெரியவராக வருபவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பீல்பேர்க் கெமராவுக்கு இந்தப் பக்கம் நின்று வரிவரியாகச் சொல்லிக் கொடுக்க, அவர் கேட்டுத் திருப்பிச் சொன்னாராம். படத்தில் அவர் நிறுத்தி நிறுத்திப் பேசுவது அவ்வளவு கனமாக இருக்கிறதே, அது அடுத்த வரிக்காகக் காத்திருந்த நேரம்!

அந்தப் படம் ஆசியர்களைக் காட்டிய விதத்தில் எங்களுக்குக் கோபம் உண்டு. ஆனாலும் இந்தப் பாடத்தை விடமுடியாது. நடிகருக்கு வராததை அவருடைய குறையாக்காமல், இயக்குநர் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

குழுவை நடத்துவதும் அப்படித்தான். அதே படத்தின் தொங்குபாலத்தை, அப்போது விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்களின் உதவியோடு கட்டினார்கள். அதை ஒரே ஒரு தடவைதான் அறுத்து விழுத்த முடியும். யார் எங்கே நிற்பது, எந்தக் கெமரா எதைப் பிடிப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் கத்தி என்ன பயன்?

எங்கள் குழுவில் சவுண்ட் பார்ப்பவர் சிங்களம், லைட் பிடிப்பவர் முஸ்லிம். அவசரத்தில் நாங்கள் தமிழில் கத்துவோம். விளங்காமல் அவர்கள் நிற்பார்கள். பிறகு அவர்களையே குறை சொல்வோம். கண்டியில் இயக்குநராக வேண்டுமென்றால் கொஞ்சம் சிங்களமும் படிக்கத்தான் வேணும்.

அடுத்த படத்துக்கு நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். முதல் நாள் கெமரா பையிலேயே இருக்கும். அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்கப்போகிறோம். வசனம் அதற்குப் பிறகுதான்.