மேலே பெய்கிற மழை

மதியம் ஒரு மணிக்கு மேல் கிழக்கே ஒரு தடவை பார்த்துக்கொள்ளாமல் ஈப்போவில் வெளிவேலை எதுவும் நடக்காது. வாசலில் மோர்மிளகாய் காயப்போட்டவர், பாசார் மாலாமுக்கு வேனில் சாமான் ஏற்றுகிறவர், பள்ளி விட்டதும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் அழைத்துவரக் கிளம்புகிறவர், எல்லாரும் பார்ப்பது தித்திவாங்சா மலையைத்தான். முகடு தெளிவாகத் தெரிந்தால் நேரம் இருக்கிறது. முகட்டில் மேகம் உட்கார்ந்துவிட்டால் கொஞ்ச நேரம்தான். அடிவாரமே கறுத்து மறைந்துபோனால் மிளகாயை உள்ளே எடுத்துவிட வேண்டும்.

இந்தப் பார்வைக்கு நல்ல காரணம் இருக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கு இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே கிடக்கிறது. கிழக்கே தித்திவாங்சா. அதில் நம் பேராக் எல்லைக்குள் நிற்கும் கோர்பு மலை 2,183 மீட்டர். தீபகற்பத்தில் தாகான் மலை மட்டுமே அதைவிட உயரம், அதுவும் வெறும் நாலு மீட்டர். மேற்கே கிளேடாங் மலைத்தொடர், உயரத்தில் சிறியது. காலை வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகின்றன. பள்ளத்தாக்கின் காற்று அந்தச் சரிவைப் பிடித்து மேலே ஏறுகிறது. மலாக்கா நீரிணையின் கடற்காற்றும் மதியத்துக்குள் உள்ளே வந்துவிடுகிறது. மேலே போன ஈரக்காற்று குளிர்ந்து, மேகமாகக் குவிந்து, மாலைக்குள் இடியோடு இறங்குகிறது. இரவில் திசை மாறும். மலையில் குளிர்ந்த காற்று சரிவு வழியே பள்ளத்தாக்குக்குள் வழியும். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் விடியற்காலையில் போர்வை தேடுகிறவர்களுக்கு இது தெரியும்.

மார்ச் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரையும், செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரையும் பருவக்காற்று மாறுகிற காலம். அப்போது இந்த ஏற்ற இறக்கம் அநேகமாகத் தினமும் நடக்கும். ஆண்டு முடிவில் கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தவிக்கும்போது, வடகிழக்குக் காற்றின் ஈரத்தில் பெரும்பகுதியை அந்தப் பக்கத்துச் சரிவிலேயே வாங்கிக்கொண்டு நம்மைக் காப்பதும் இதே தித்திவாங்சாதான். அதனால்தான் சனவரி, பிப்ரவரியில் நமக்கு வெயில் காய்கிறது. ரப்பர் மரமும் இலை உதிர்க்கிறது.

மலை எங்கே நிற்கிறது என்பதை வைத்தே ஓர் ஊரின் வாழ்க்கை அமைந்துவிடுகிறது. தைப்பிங்கைப் பாருங்கள். கடலிலிருந்து வரும் காற்றுக்கு நேர் எதிரே, ஊரின் முதுகுப்புறத்தில் லாருட் மலை எழும்பி நிற்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை. கிளேடாங்குக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஈப்போவுக்கு அதில் முக்கால் பங்குக்கும் குறைவுதான். இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு விழும் என்று தைப்பிங்காரர்கள் ஒரு காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். மழை வருமா என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

ஆனால் மழையை உண்மையாக எண்ணிப் பார்த்தவர்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். என் அம்மா சுங்கை சிப்புட் பக்கத்தில் பால்மரம் வெட்டியவர். நகரத்தில் மதியம் கிழக்கே பார்க்கிறோம். தோட்டத்தில் விடியுமுன் மேற்கே பார்த்தார்கள். நாலரை மணிக்கு லயத்துக் கதவைத் திறந்ததும் அம்மாவின் கண் முதலில் போவது அந்தப் பக்கம்தான். “மேக்கால மின்னுது, இன்னிக்குப் பேரு விழாது” என்று, அன்றைக்கு வேலை இல்லை என்பதை அவர் சொல்லிவிட்டால், அப்பா அடுப்பில் வைத்த தண்ணீரைப் பார்த்தபடி பேசாமல் நிற்பார்.

மேற்கே மின்னியது சுமத்ரா காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, இரவில் சுமத்ராவின் மேலும் நீரிணையின் மேலும் கிளம்பும் இடிமேகங்கள் ஒரே வரிசையாகச் சேர்ந்து கிழக்கு நோக்கி நகரும். விடியலுக்கு முன்போ காலையிலோ நம் கரையைத் தொடும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மழை ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும். பால்வெட்டுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. இரவுக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும்; விடியற்காலையில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்துப் பட்டை நனைந்தால், பால் வெட்டுக்கோட்டோடு மங்குக் கிண்ணத்துக்கு வராமல் மரம் முழுக்க வழிந்து மண்ணில் போகும். வெட்டி முடித்தபின் மழை பிடித்தால் மங்கில் இருப்பது பால் இல்லை, வெள்ளைத் தண்ணீர். ஈரப்பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுமுகத்தில் பூஞ்சணம் பிடித்து மரமே கெடும். காற்று வலுத்தால் நிரையில் நாலைந்து மரம் முறிந்து கிடக்கும்.

ஆகவே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தண்டலும் கிராணியும் வானத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு, லயத்தில் அன்றைக்கு என்ன சமையல் என்கிற முடிவு. வெட்டு இல்லை என்றால் கூலி இல்லை. தோட்டத் தொழிலாளர் சங்கம் மாதச் சம்பளம் கேட்டு இத்தனை ஆண்டுகள் போராடியதற்குப் பின்னால் இந்த மழை நாட்களும் இருக்கின்றன. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்குச் சம்பளத்தை மழை வெட்டியதில்லை. மரத்தடியில் நின்றவருக்குத்தான் வெட்டியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பிறகு தோட்டங்கள் போயின. ரப்பர் செம்பனையானது; செம்பனையும் இல்லாத இடத்தில் தாமான் வந்தது. நாங்களும் ஈப்போவுக்கு வந்தோம். இங்கே வந்ததும் அம்மாவின் கணக்கு பலிக்கவில்லை. லயத்து வாசலில் மேற்கே அடிவானம் திறந்து கிடந்தது. இங்கே கிளேடாங் மறைக்கிறது. விடியற்காலை மின்னல் தெரியாமலே மழை வந்து நிற்கும். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம்தான். ஆனாலும் மலை மாறினால் குறியும் மாறுகிறது. தோட்ட மக்களின் அறிவு அந்தந்த மண்ணோடு ஒட்டியது. ஆட்களைப் பெயர்த்து நகர்ப்புற அடுக்குமாடியில் வைத்தபோது அந்த அறிவு கூட வரவில்லை. இழப்பீட்டுக் கணக்கில் அதை யாரும் எழுதவுமில்லை.

இப்போது கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது எதைப் பார்க்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகள் பலவும் உலகம் முழுவதையும் கணக்கிடும் பெரிய கணினி மாதிரிகளை நம்பியிருக்கின்றன. அவற்றுள் பெயர்பெற்ற ஐரோப்பிய மையத்தின் மாதிரியில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர் அகலம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் மேடு பள்ளமெல்லாம் ஒரே சராசரி உயரமாகிவிடும். கோர்புவின் உச்சி அதில் உச்சியாக இல்லை. கிளேடாங் ஒரு சின்ன மேடு. கிந்தாவின் சுண்ணாம்புக் குன்றுகள் அதில் இல்லவே இல்லை. ஓர் இடிமேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். அரைமணி, ஒரு மணி நேரத்தில் பிறந்து முடிந்துவிடும். மேருவில் கொட்டும்போது மெங்லெம்புவில் தூசி பறப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்!

நம் வானிலை ஆய்வுத் துறையைத் திட்டுவது எளிது. நான் திட்ட மாட்டேன். காலை, மதியம், இரவு என்று பிரித்து, ஒன்றிரண்டு இடங்களிலா, சில இடங்களிலா, பெரும்பாலான இடங்களிலா என்று அவர்கள் சொல்வது நேர்மையான கணிப்பு. எந்தத் தெருவில் விழும் என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது. அதற்குத்தான் ரேடாரைப் பார்த்துக் கடைசி நேரத்தில் இடிமழை எச்சரிக்கை விடுகிறார்கள். அது சில மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும். காலையில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கைப்பேசியைப் பைக்குள் போடுகிறவருக்கு அந்த எச்சரிக்கையால் பயனில்லை. மதியம் திரும்பப் பார்க்க வேண்டும், முன்பு மலையைப் பார்த்ததைப் போல.

மலையைப் பார்த்து எச்சரிப்பதில் பனிமலை நாடுகள் நமக்கு முன்னால் நடக்கின்றன. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் பனிச்சரிவுக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. குளிர்காலத்தில் அவர்கள் தருவது ஊருக்கான கணிப்பு மட்டுமல்ல. எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் ஆபத்து, வடக்கு நோக்கிய சரிவிலா தெற்கு நோக்கிய சரிவிலா, காற்று பனியை எந்தப் பக்கம் அடித்துக் குவித்திருக்கிறது என்று சொல்கிறார்கள். 1993 முதல் ஐரோப்பா முழுவதும் ஐந்து படி அளவுகோல் ஒன்று பொதுவாகிவிட்டது. கீழே உள்ள கிராமத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே நேற்றிரவு விழுந்த பனி இன்றைக்கு இறங்கும். தலைக்கு மேல் இருப்பதைச் சொல்வதே மலைவானிலைக்காரரின் வேலை என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எத்தனையோ உயிர்களைக் கொடுத்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள்.

நம் மலையில் பனி விழாது. ஆனால் நாமும் உயிர் கொடுத்திருக்கிறோம். 1996 ஆகஸ்ட் 29, கம்பாருக்குப் பக்கத்தில் போஸ் டிப்பாங். மலையில் பெய்த கனமழை, சேறும் பாறையும் மரக்கட்டைகளுமாகத் திரண்டு ஓராங் அஸ்லி குடியிருப்புக்குள் புகுந்தது. 44 பேர் போனார்கள். ஆகஸ்ட் நம் கணக்கில் மழைக்காலமே அல்ல. அவர்கள் மலையை அறியாதவர்களும் அல்ல. அந்தக் காட்டை அவர்களைவிட அறிந்தவர் யார்? அவர்கள் வீட்டு வாசலில் பெய்கிற மழையை ஒருவேளை கணித்திருக்கலாம். மேலே, கண்ணுக்கு எட்டாத ஓடையில் பெய்ததை எவரும் வந்து சொல்லவில்லை. பேராக்கில் வளர்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளியில் இந்த நாளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாது.

அதே ஆபத்துதான், சிறிய அளவில், ஞாயிற்றுக்கிழமை அருவிகளில் காத்திருக்கிறது. உலு செப்போர், லாத்தா கிஞ்சாங், லாத்தா இஸ்கண்டார்: நாம் குடும்பத்தோடு புளிச்சோறும் கோழிவறுவலும் கட்டிக்கொண்டு போகிற இடங்கள். பூசை முடித்து, சமைத்து, சித்தப்பா வீட்டாரும் வந்து சேர்ந்து கிளம்பும்போது பதினொரு மணி. தண்ணீரில் இறங்கும்போது ஒரு மணி. மலைமேல் மேகம் திரள்கிற நேரத்தைக் கணக்குப் பார்த்துப் போய் உட்கார்வது போலத்தான். நம் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும். இரண்டு மூன்று கிலோமீட்டர் மேலே, மரங்களுக்குப் பின்னால், மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் ஓடையில் கூடி ஒரே மூச்சில் இறங்கி வருவதை இங்கே ‘கெப்பாலா ஆயர்’ என்கிறார்கள். அதற்குச் சில நிமிடங்கள் போதும்.

ஓடைகளின் மேல்பகுதியில் தானியங்கி மழைமானியும் கீழே சங்கும் வைப்பது அரசாங்கத்தின் வேலை. நீர்ப்பாசன வடிகால் துறை பல ஆறுகளில் அளவெடுத்துப் பொதுமக்கள் பார்க்கத் தருகிறது. அது குளிக்கிற ஒவ்வோர் ஓடைக்கும் வர வேண்டும், கேட்டு வாங்க வேண்டும். அதற்கிடையில் நம்மால் ஆவதும் இருக்கிறது. கோயில் நிர்வாகங்களிடம் ஒலிபெருக்கி இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களுக்கு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. திருவிழா அறிவிப்புப் போகிற அதே வழியில் இடிமழை எச்சரிக்கையும் தமிழில் போகட்டும். உலு கிந்தா பக்கம் இருக்கிற ஒருவர் மேலே கறுத்துவிட்டது என்று எழுதினால், கீழே பத்துக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் தண்டல் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

அருவிக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்கே போங்கள். பன்னிரண்டு மணிக்குள் கரையேறி, சாப்பாட்டைத் தண்ணீரை விட்டுத் தள்ளி மேட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் மட்டும் தண்ணீரில் இறங்காமல் மேல்பக்கம் பார்த்து உட்காரட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, பாயையும் பானையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள்.