எந்தப் பாட்டன்?

ரிஷிமூலமும் நதிமூலமும் விசாரிக்கக் கூடாது என்பார்கள் நம் பெரியவர்கள். அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. வம்சமூலம் விசாரிக்கவென்றே 1845-ல் பாஸ்டன் நகரில் ஒரு சங்கம் தோன்றிவிட்டது. விசாரிக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. முழுவதும் விசாரிப்பதில்லையே என்பதுதான் என் புகார்.

1620-ல் 'மேஃபிளவர்' கப்பலில் போனவர்கள் 102 பயணிகள். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டார்கள். அந்தக் கப்பலில் ஜான் கார்வர் என்ற கனவானிடம் ஊழியனாக வந்தவன் ஜான் ஹௌலண்ட். புயலில் தவறிக் கடலில் விழுந்தான். தொங்கிக்கொண்டிருந்த பாய்க் கயிறு ஒன்று கையில் அகப்பட்டதால் பிழைத்தான். பிறகு கல்யாணம், பத்துக் குழந்தைகள். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் புஷ் என்ற பெயருடைய இரண்டு ஜனாதிபதிகளும் அவன் வழியில் வந்தவர்கள். இதையே நான் நாவலில் எழுதியிருந்தால், 'நம்பும்படியாக இல்லை' என்று விமரிசகர்கள் கிழித்திருப்பார்கள்!

இப்படிப்பட்ட பாட்டன் சிலருக்குப் போதவில்லை. பிரபு வேண்டும், குலச்சின்னம் வேண்டும். கேட்டதைச் செய்துகொடுக்க ஆளும் வந்து சேர்ந்தார். ஸ்வீடனிலிருந்து வந்த குஸ்டாவ் அஞ்சூ என்பவர், பெருந்தொகை வாங்கிக்கொண்டு, எழுதப்படாத உயில்களையும் மாதாகோயில் பதிவுகளையும் தாமே சிருஷ்டித்துப் பணக்காரர்களுக்கு வம்சாவளி கட்டிக் கொடுத்தார். 1942-ல் அவர் மறைந்தார். அவர் கட்டிய பொய்கள் மறையவில்லை. உண்மையென்று நம்பிப் பிரதி எடுத்தவர்கள் ஏராளம்.

பொய்ப் பாட்டனைச் சேர்ப்பதாவது அசட்டுத்தனம். உண்மையை விட்டுவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விர்ஜீனியா பக்கம் குடியேறிய பண்ணைக்காரர்களின் உயில்களையும் சொத்து ஜாபிதாக்களையும் பாருங்கள்: கட்டில், கலப்பை, பசு, அதே வரிசையில் மனிதர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. பேரன் எழுதும் குடும்ப வரலாற்றில் பாட்டனின் ஏக்கர் கணக்கு வரும். ஜாபிதாவின் அந்தப் பக்கம் வராது.

போகட்டும், அவர்கள் குடும்ப விஷயம் என்று விட முடியாது. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் ஜனக் கணக்கில் அடிமைகளுக்கென்று தனி ஏடு உண்டு. அதில் எஜமானனுக்குப் பெயர் உண்டு. அடிமைக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் பெயரோடு ஜனக் கணக்கில் ஏறியது 1870-ல்தான். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டியைத் தேடிக்கொண்டு போனால், அந்த வருஷத்தில் சுவர் முட்டுகிறது. சுவருக்கு அப்பாலுள்ள பெயர், பல சமயங்களில் எஜமானன் வீட்டு உயிலில்தான் இருக்கிறது.

தன் பாட்டனைப் புத்தகம் போடுகிறவர் இதையும் செய்யட்டும்: ஜாபிதாவில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும், பக்கத்திலுள்ள விலையோடு, அப்படியே அச்சிடட்டும். குலச்சின்னத்தை வேண்டுமானால் அட்டையில் போட்டுக்கொள்ளட்டும்.