பாச்சை உருண்டையும் பரங்கிப்பேட்டைக் காற்றும்

பட்டுப் புடவைக்கு நடுவில் போட்டு வைத்த பாச்சை உருண்டை நாளாக நாளாகப் பட்டாணி அளவுக்குச் சிறுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள், சகோதரிகளே. அது உருகவும் இல்லை, பூச்சி தின்னவும் இல்லை. அப்படியே காற்றோடு போய்விட்டது. பீரோவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாடை, அதுதான் அந்த உருண்டை!

முத்தியால்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டில் இன்னொரு டப்பாவும் இருக்கும். கமாக்சின் என்பார்கள், பி.எச்.சி. பவுடர். எறும்பு வரிசையைக் கண்டால் சுவரோரம் ஒரு கோடு. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் இதே கதைதான். வயலுக்கோ மூட்டை மூட்டையாகப் போனது. தூவிய பவுடர் எங்கே போயிற்று என்று யார் கேட்டோம்?

கேட்டவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால், கடலூரைத் தாண்டிப் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் ஊர். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1980-களின் கடைசியில் அவர்களும், ஜப்பானிலுள்ள எஹிமே பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து காற்று, ஆற்றுத் தண்ணீர், சேறு எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்தார்கள். கணக்கு 1991-ல் வெளிவந்தது. மழை பெய்தால் மருந்தெல்லாம் ஆற்றோடு அடித்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும் என்றுதானே நாம் நினைப்போம்? அதுதான் இல்லை. வயலில் போட்டதில் நூற்றுக்கு 99 பங்குக்கும் மேல் காற்றில் ஏறிவிட்டதாம்! ஆற்றில் இறங்கிய சொற்பத்திலும் பெரும்பகுதி, கடலைத் தொடுவதற்குள் தண்ணீரிலிருந்தே மறுபடி ஆவியாகிவிட்டது. நம்ம ஊர் வெயில் அப்படி.

மேலே போனது மேலேயே நிற்குமா? காற்று எங்கே இழுக்கிறதோ அங்கே போகும். குளிர்ந்த இடம் வந்தால் தண்ணீரில் இறங்கிவிடும். சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஜில்லென்று இருந்தால் காஸ் உள்ளே அடங்கிக் கிடக்கும். வெயிலில் கிடந்ததைத் திறந்தால் புஸ்ஸென்று பொங்கிவிடும். அதனால்தான், நெல் வயலே இல்லாத வட துருவக் கடலில்கூட பி.எச்.சி. இருந்தது. பல நாடுகள் அதைக் குறைத்து, காற்றில் அளவு இறங்கியதும் வேடிக்கையைப் பாருங்கள்: 1993-ல் அங்கே அளந்தபோது, கடல் தான் வாங்கி வைத்ததில் கொஞ்சத்தைக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தச் சரக்கு தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் எளிதாகத் தங்கும். மீன், பால், வெண்ணெய் என்று ஏறி நம்மிடமும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுத் தாய்மார்களின் பாலில் பி.எச்.சி.யும் டி.டி.டி.யும் இருந்ததை 1990-ல் எழுதினார்கள். இதைச் சொன்னதும் எதிர் வீட்டு மருமகள், கைக்குழந்தைக்காரி, "அப்போ பால் கொடுக்கறதே தப்பாக்கா?" என்று முகம் வெளுத்துப் போனாள். இல்லவே இல்லை கண்ணு. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. அதிலுள்ள நன்மைக்கு முன்னால் இது நிற்காது. குறைக்க வேண்டியது பாலை அல்ல, பவுடரை.

பவுடரும் குறைந்தது. விவசாயத்தில் டி.டி.டி.யை 1989-லும், பி.எச்.சி.யை 1997 ஏப்ரலிலும் நம் நாட்டில் நிறுத்தினார்கள். ஆனால் சாயங்காலம் குப்பையைக் கூட்டி, பாலித்தீன் பையும் உடைந்த பிளாஸ்டிக் குழாயுமாகக் கொளுத்துகிறோமே, அதற்கு என்ன சொல்ல? அந்தப் புகையில் டயாக்சின் என்ற விஷம் உண்டு. அதுவும் காற்றில் போய், புல்லிலும் தண்ணீரிலும் படிந்து, மாட்டுப் பாலிலும் மீனிலும் சேருகிற ஜாதிதான். எங்கள் தெருவில் கடற்காற்று வீசினால் புகை நேரே தொட்டில் இருக்கும் அறைக்குத்தான் வருகிறது. குப்பை வண்டி வரும்வரை ஒரு பையில் கட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

கடையில் பேப்பரில் மடித்துக் கொடுக்கிற, பெயரில்லாத எறும்புப் பொடியை வாங்காதீர்கள். எறும்பு வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டால், பின்னால் வருவது வழி தெரியாமல் திண்டாடும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள். தண்ணீரை மட்டும் தினம் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு வந்துவிடும்.