எல்லையில் தேயும் குரல்

ஒரே நிறுவனத்தின் இணைப்புகளுக்கிடையே தெளிவாக ஒலிக்கும் குரல், வேறொரு நிறுவனத்தின் வாடிக்கையாளரிடம் பேசும்போது மங்கிவிடுவதுண்டு. நாம் கோபுரத்தையோ கைப்பேசியையோ குறைசொல்கிறோம். பல நேரங்களில் காரணம், இரு வலைப்பின்னல்கள் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது.

1972-இல் வகுக்கப்பட்ட ஜி.711 என்னும் பன்னாட்டுத் தரம், குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் குறிக்கிறது. மொத்தம் நொடிக்கு 64 கிலோபிட். பழைய தொலைபேசி முறையில் ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே கடந்து செல்லும். ‘ஸ’ போன்ற உரசொலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால் அவை தெளிவிழக்கின்றன.

4ஜி வலைப்பின்னலில் குரல் தரவுப் பொட்டலங்களாகப் பயணிக்கிறது. அதில் பயன்படும் ஏ.எம்.ஆர். அகலப்பட்டைக் குறிமுறை, 12.65 கிலோபிட்டிலேயே 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை ஏந்திச் செல்கிறது. ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் இருமடங்கு அகலம்! ஆனால், எல்லையில் பழைய தரமே பொது மொழியாக இருந்தால், குரல் 64 கிலோபிட்டாக விரிக்கப்பட்டு, மறுபுறம் மீண்டும் சுருக்கப்படுகிறது. மேற்பட்டை அறுபடுகிறது, ஒவ்வொரு மாற்றமும் பிழையையும் தாமதத்தையும் கூட்டுகிறது.

இரைச்சல் நீக்கமும் எதிரொலி நீக்கமும் பயனுள்ளவையே. எனினும் அறுபட்ட பட்டையை எந்த மென்பொருளும் மீட்க முடியாது. ஊகித்து நிரப்பவே முடியும்.

இதைப் பொறியியல் சிக்கல் என்பதைவிடப் பொருளியல் சிக்கல் என்றே கருதுகிறேன். மாற்றமின்றிக் குரலைக் கடத்தும் வழிமுறைகள் ஏற்கெனவே உள்ளன. ஆனால், அழைப்பின் தரம் இரு நிறுவனங்களின் கூட்டு விளைபொருள். எல்லையைச் சீர்செய்பவரின் முதலீட்டில் ஒரு பங்குப் பயன் போட்டியாளரின் வாடிக்கையாளருக்குச் செல்கிறது; குறை யாருடையது என்பதோ நுகர்வோருக்குத் தெரிவதில்லை. இத்தகைய தரத்துக்குச் சந்தை வெகுமதி தருவதில்லை.

இந்தியாவில் உள்நாட்டு அழைப்புகளுக்கான இணைப்புக் கட்டணம் 2017 அக்டோபரில் நிமிடத்துக்கு 14 காசிலிருந்து 6 காசாகக் குறைந்து, 2021 ஜனவரியில் நீங்கியது. யார் யாருக்குச் செலுத்துவது என்ற வழக்கு முடிந்தது. இனி, எத்தகைய குரல் எல்லையைக் கடக்கிறது என்று ஒழுங்குமுறை ஆணையம் கேட்க வேண்டும். இருபுறமும் ஒரே குறிமுறை இருக்குமானால் குரல் மாற்றமின்றிக் கடத்தப்பட வேண்டும். நிறுவனங்களுக்கிடையிலான அழைப்புகளின் தரம் தனியே அளந்து வெளியிடப்பட வேண்டும்.

செவித்திறன் குறைந்த முதியவருக்கும், 108-ஐ அழைத்துத் தெருப்பெயர் சொல்பவருக்கும் இது ஆடம்பரம் அன்று.